காற்றுப் பாதையில் மின் கோளாறு: சென்சரை மாற்றுமுன் வயரைப் பாருங்கள்

கல்முனையில் 'செக் என்ஜின்' விளக்கு எரிந்தபடி ஒரு கார் கராஜுக்குள் வந்தால், முதலில் பூட்டப்படுவது ஸ்கேனர். திரையில் பி0102 என்று விழுகிறது. அடுத்த நிமிடம் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குக் கோல் போகிறது. எயார் ஃப்ளோ சென்சர் பார்சலில் வந்து சேர்கிறது, பூட்டுகிறார்கள், கோட்டை அழிக்கிறார்கள், விளக்கு அணைகிறது. பிறகு ஒருநாள் அக்கரைப்பற்றுக்குப் போய்த் திரும்பும் வழியில் அதே விளக்கு எரிகிறது, அதே கோட் விழுகிறது.

பி0102 என்ற கோட் 'சென்சர் பழுது' என்று சொல்வதில்லை. 'காற்றளவு சென்சரின் சுற்றில் சிக்னல் மிகக் குறைவு' என்றுதான் சொல்கிறது. சுற்று என்றால் சென்சர் மட்டும் அல்ல. அதற்குக் கரண்ட் கொண்டுவரும் வயர், எர்த் வயர், சிக்னல் வயர், சொக்கட், பியூஸ், ரிலே, கடைசியில் என்ஜினை இயக்கும் கணினியான ஈசியு என்று எல்லாமே அதில் அடக்கம். இத்தனையில் எது பிழை என்பதை ஸ்கேனரால் காட்ட முடியாது. சாதாரண டிஜிட்டல் மல்டிமீற்றர் காட்டிவிடும். அதை எப்படிப் பிடிப்பது, எங்கே வைப்பது, எந்த எண் வந்தால் என்ன அர்த்தம் என்பதே இந்த அத்தியாயம்.

இலங்கையில் இந்த வேலையைத் தெரிந்து வைத்திருப்பதற்குத் தனிக் காரணமும் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு அந்தக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடங்களில் வீதியில் ஓடிய கார்கள் எல்லாம் ஐந்து வயது மூத்துவிட்டன. அவற்றின் வயர்களும் சொக்கட்களும் கூடவே மூத்தன.

என்ஜின் காற்றை எப்படி அளக்கிறது

ஒரு கிராம் பெற்றோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். உள்ளே போகும் காற்று எவ்வளவு என்று தெரிந்தால்தான் ஈசியு பெற்றோலை அளந்து தெளிக்க முடியும். அதை அறிய இரண்டு வழிகள் புழக்கத்தில் உள்ளன.

முதலாவது, காற்றை நேரடியாக அளப்பது. எயார் பில்டர் பெட்டியைத் தாண்டியவுடன் குழாயில் பூட்டியிருக்கும் எயார் ஃப்ளோ சென்சருக்குள் மெல்லிய பிளாட்டினக் கம்பி ஒன்று சூடாக்கப்பட்டிருக்கும். சுடுதேநீரை ஊதினால் ஆறுவதுபோல, கடந்து போகும் காற்று அந்தக் கம்பியைக் குளிர்விக்கும். அதன் சூட்டை நிலையாக வைத்திருக்க எவ்வளவு மின்னோட்டம் தேவைப்படுகிறதோ, அதுவே காற்றின் அளவு. ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் எல்எச்-ஜெட்ரோனிக் என்ற அமைப்பில் இந்த முறையைக் கார்களுக்குக் கொண்டுவந்தது. அந்தப் பழைய வகையில், என்ஜினை நிறுத்தியதும் கம்பியை ஒரு விநாடி ஏறத்தாழ 1000 பாகைக்குச் சூடாக்கி, ஒட்டிய தூசியை எரித்துவிடும் ஏற்பாடு இருந்தது. இன்று நம் வீதிகளில் ஓடும் பெரும்பாலான கார்களில் அது இல்லை. ஒட்டிய தூசி ஒட்டியபடியே இருக்கும். டொயோட்டா ஆக்ஸியோ, அலியன், பிரியஸ், அக்குவா எல்லாம் இந்த வகை.

இரண்டாவது, காற்றை அழுத்தத்தின் வழியாகக் கணக்கிடுவது. இன்டேக் மனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தத்தை மேப் சென்சர் சொல்லும். என்ஜின் சுற்றும் வேகத்தோடு சேர்த்து ஈசியு காற்றின் அளவைக் கணிக்கும். சுசுகி ஓல்டோ, வேகன்ஆர் இந்த வகை.

இரண்டு வகையிலும் காற்றின் வெப்பத்தைச் சொல்லும் சென்சரும், த்ரொட்டில் கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் சென்சரும் கூடவே வேலை செய்கின்றன.

கடற்கரை வயருக்கு என்ன செய்கிறது

பொத்துவிலிலிருந்து அக்கரைப்பற்று, நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை வழியாக மட்டக்களப்பு நோக்கிப் போகும் ஏ4 வீதி பெரும்பாலும் கடலை ஒட்டியே ஓடுகிறது. இங்கே நிற்கும் காரின் பொனட்டுக்குள் உப்புக் காற்று நாள்முழுக்கப் புகுகிறது. சொக்கட்டின் ரப்பர் சீல் இறுகி வெடித்திருந்தால் ஈரம் உள்ளே போய், செம்பில் பச்சைக் களிம்பு பிடிக்கும். களிம்பு மின்சாரத்தை முழுதாக நிறுத்துவதில்லை, தடுக்கிறது. அதனால்தான் கோளாறு ஒருநாள் வந்து மறுநாள் போகிறது.

அறுவடைக் காலம் வேறொரு சோதனை. சம்மாந்துறைப் பக்கம் வெட்டு மெஷின் இறங்கி, வீதியோரம் நெல் காயப் போட்டிருக்கும் நாட்களில் எழும் தூசியும் சுணையும் எயார் பில்டரை வேகமாக அடைக்கும். நெல் மூட்டை இருக்கும் இடத்தில் எலியும் இருக்கும். சூடான என்ஜினுக்கு மேல் இரவில் படுக்கும் எலி, பக்கத்தில் கிடக்கும் வயரைக் கடித்துவிட்டுப் போகும். மாரியில் வெள்ளம் மூடிய வீதியைக் கடந்த காரில், தண்ணீர் வடிந்து பல வாரம் கழிந்த பிறகும் சொக்கட்டுக்குள் ஈரம் தங்கியிருக்கலாம்.

ஆகவே இந்தக் கரையில் சந்தேகப்பட வேண்டிய ஒழுங்கு இது: முதலில் சொக்கட், அடுத்தது வயர், அதன் பின்னரே சென்சர்.

வேலையைத் தொடங்குமுன்

தேவையானவை அதிகமில்லை. டிஜிட்டல் மல்டிமீற்றர், லைவ் டேட்டா காட்டும் ஸ்கேனர், சொக்கட்டின் பின்பக்கமாக நுழைக்க மெல்லிய ஊசிகள், கொன்டெக்ட் கிளீனர், நல்ல டோர்ச். ஜப்பான் சந்தைக்காகச் செய்யப்பட்ட சில ரீகண்டிஷன் கார்களோடு மலிவான புளூடூத் ஸ்கேனர் பேசாது. டொயோட்டாவுக்கான முறையைத் தெரிந்த ஸ்கேனர் வேண்டும்.

செய்யக் கூடாதவையும் சில உண்டு. பல்ப் பூட்டிய பழைய டெஸ்டர் லைட்டை சிக்னல் வயரில் வைக்கக் கூடாது. அது இழுக்கும் மின்னோட்டம் ஈசியுவைப் பாதிக்கலாம். வயரின் மேலுறையில் ஊசி குத்திப் பார்க்கக் கூடாது. குத்திய ஓட்டை வழியே உப்பு ஈரம் இறங்கி, சில மாதத்தில் அந்த இடத்திலேயே செம்பு அரித்துப் போகும். பிரியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட் கார்களில் செம்மஞ்சள் நிறக் கேபிள்களைத் தொடவே கூடாது. 'ரெடி' விளக்கு எரியும்போது ஹைபிரிட்டின் என்ஜின் சொல்லாமல் ஸ்டார்ட் ஆகும் என்பதையும் மறக்கக் கூடாது.

கோட்டை அழிக்குமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கோட் விழுந்த கணத்தில் வேகம், என்ஜின் வெப்பம், சுமை என்ன என்பதை ஈசியு பதிந்து வைத்திருக்கும். அதையும் எழுதுங்கள். பெற்றரி வயரைக் கழற்றினால் அந்தப் பதிவு அழியும். என்ஜின் பழகி வைத்திருந்த ஐட்லிங் கணக்கும் சேர்ந்து போய்விடும்.

கண்ணும் கையும்

"காக்கா, சென்சர மாத்திப் பாப்பமா?" என்று கராஜில் வேலை பழகும் பையன் கேட்பான். அனுபவமுள்ள வயரிங்காரர், "பொறு தம்பி, முதல்ல சொக்கட்டக் கழட்டிப் பாரு" என்பார்.

சாவியை அணைத்துவிட்டு சொக்கட்டைக் கழற்றுங்கள். பச்சைப் பொடி இருக்கிறதா? ஏதாவது ஒரு பின் மற்றவற்றைவிட உள்ளே போயிருக்கிறதா? சீல் இருக்கிறதா, அல்லது முன்பு வேலை செய்தவர் தொலைத்துவிட்டாரா? பில்டர் பெட்டியின் கிளிப் உடைந்து, வயர் அதன் விளிம்பில் உரசுகிறதா? பில்டரிலிருந்து த்ரொட்டில் வரை போகும் ரப்பர் குழாயின் மடிப்புகளை விரித்துப் பாருங்கள். வெடிப்பு மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். பெற்றரியையும் அளந்துவிடுங்கள். ஓய்வில் 12.6 வோல்ற்றும், என்ஜின் ஓடும்போது ஏறத்தாழ 13.8 முதல் 14.5 வரையும் இருக்க வேண்டும். பெற்றரியே தளர்ந்திருந்தால் கீழே வரும் அளவுகள் எதையும் நம்ப முடியாது.

எயார் ஃப்ளோ சென்சர்: ஐந்து வயரின் கதை

ஆக்ஸியோ போன்ற டொயோட்டா கார்களில் இந்த சென்சருக்கு ஐந்து வயர். ஒன்று 12 வோல்ற் கரண்ட். இரண்டாவது அதன் எர்த். மூன்றாவது காற்றளவு சிக்னல். மற்ற இரண்டும் உள்ளேயே இருக்கும் காற்று வெப்ப சென்சருக்கு உரியவை. எந்த நிறம் எந்த வயர் என்பதை அந்த மொடலின் வயரிங் படத்தில் பார்த்தே உறுதி செய்யுங்கள்.

முதலில் ஸ்கேனரில் காற்றளவைப் பாருங்கள். சூடேறிய 1.5 லீற்றர் என்ஜின், ஏசி அணைந்த நிலையில் ஐட்லிங்கில் விநாடிக்கு ஏறத்தாழ ஒன்றரை முதல் மூன்று கிராம் காற்றை இழுக்கும். டொயோட்டாவின் பழுதுபார்ப்புக் கையேடு இதில் நல்லதொரு குறுக்குவழி தருகிறது. என்ஜின் ஓடும்போதே 0.0 கிராம் என்று காட்டினால் 12 வோல்ற் வரவில்லை, அல்லது சிக்னல் வயர் அறுந்தோ எர்த்தில் முட்டியோ இருக்கிறது. 271 கிராம் அல்லது அதற்கு மேல் காட்டினால் சென்சரின் எர்த் வயர் அறுந்திருக்கிறது. பாதி விடை ஸ்கேனரிலேயே கிடைத்துவிடுகிறது.

அடுத்தது மல்டிமீற்றர். பலரும் சறுக்குவது இங்கேதான். சொக்கட்டைக் கழற்றி, சாவியைப் போட்டு அளந்தால் 12 வோல்ற் காட்டும். "கரண்ட் சரி" என்று முடிவு கட்டிவிடுவார்கள். களிம்பு பிடித்த வயர்கூட அப்படிக் காட்டும், ஏனென்றால் மல்டிமீற்றர் மின்னோட்டத்தை ஏறத்தாழ இழுப்பதே இல்லை. சென்சர் பூட்டியபடி, கம்பி சூடாகி மின்னோட்டம் ஓடும்போதுதான் களிம்பின் தடை வெளியே தெரியும். அதனால் சொக்கட்டைப் பூட்டிய நிலையிலேயே, பின்பக்கமாக ஊசியை நுழைத்து அளக்க வேண்டும்.

கரண்ட் வயரில் காட்டும் அளவு, பெற்றரியின் அளவிலிருந்து அரை வோல்ற்றுக்கு மேல் குறையக் கூடாது. எர்த் வயருக்கும் பெற்றரியின் மைனஸ் முனைக்கும் இடையே 0.1 வோல்ற்றுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் எங்கோ தடை இருக்கிறது. என்ஜினிலும் பொடியிலும் எர்த் வயர் போல்ட் பூட்டிய இடத்தைத் தேய்த்துத் துப்புரவாக்குங்கள். இரண்டும் சரி என்றால் சிக்னலைப் பாருங்கள். ஐட்லிங்கில் ஒரு வோல்ற்றை ஒட்டி நின்று, அக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கத் தடங்கலில்லாமல் ஏற வேண்டும். டொயோட்டா ஈசியு 0.2 வோல்ற்றுக்குக் கீழே போனால் பி0102 என்றும், 4.9 வோல்ற்றுக்கு மேலே போனால் பி0103 என்றும் கோட் போடும்.

கரண்டும் எர்த்தும் சரி, சிக்னல் மட்டும் செத்துக் கிடக்கிறது என்றால் சிக்னல் வயரை ஈசியு வரை தொடர்ச்சி பாருங்கள். அதுவும் நல்லது என்ற பிறகே சென்சர் குற்றவாளி.

காற்று வெப்பம்: மைனஸ் 40, பிளஸ் 140

பி0113, பி0112 என்ற கோட்கள் காற்று வெப்ப சென்சரின் சுற்றைக் குறிக்கின்றன. இந்தச் சோதனைக்கு ஸ்கேனரும் ஒரு சிறு வயர்த் துண்டும் போதும். சொக்கட்டைக் கழற்றினால் திரையில் மைனஸ் 40 பாகை வர வேண்டும். சொக்கட்டின் வெப்ப சென்சர் பின்கள் இரண்டையும் வயர்த் துண்டால் இணைத்தால், டொயோட்டாவில் 140 பாகை வர வேண்டும். இரண்டும் வந்தால் வயரும் ஈசியுவும் நல்லவை. கோளாறு சென்சரில் அல்லது சொக்கட்டின் பிடிப்பில். பின்களை இணைத்த பிறகும் மைனஸ் 40 மாறவில்லை என்றால் வயர் எங்கோ அறுந்திருக்கிறது.

சென்சரைத் தனியாகவும் அளக்கலாம். டொயோட்டாவின் கணக்கில் 20 பாகையில் 2.21 முதல் 2.69 கிலோ ஓம், 60 பாகையில் 0.49 முதல் 0.67 கிலோ ஓம். சூடு ஏற ஏறத் தடை குறையும்.

கோட் எதுவும் இல்லாமலே வரும் கோளாறு ஒன்றும் இந்தக் கரையில் உண்டு. களிம்பு கூடுதல் தடையாகச் சேர்வதால், காற்று உண்மையைவிடக் குளிராக இருப்பதாக ஈசியு நம்பும். கச்சான் காற்று வீசும் நண்பகலில் ஸ்கேனர் 5 பாகை என்று காட்டினால் சொக்கட்டைக் கழற்றிப் பாருங்கள். குளிர்ந்த காற்று அடர்த்தியானது என்று ஈசியு எண்ணினால் கணக்குத் தப்பும், பெற்றோல் கூடுதலாகப் போகலாம்.

மேப் சென்சர்: கடல் மட்டமே அளவுகோல்

ஓல்டோ, வேகன்ஆர் வைத்திருப்பவர்களுக்குக் கல்முனை ஒரு வசதி செய்து தருகிறது. ஊர் கடல் மட்டத்தில் இருக்கிறது. சாவியைப் போட்டு, என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் ஸ்கேனரில் மனிஃபோல்டு அழுத்தத்தைப் பாருங்கள். ஏறத்தாழ 100 அல்லது 101 கிலோபஸ்கால் காட்ட வேண்டும். 81 என்று காட்டினால், கார் 1868 மீற்றர் உயரத்தில் நுவரெலியாவில் நிற்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. சென்சர் பொய் சொல்கிறது, அல்லது வயரில் தடை இருக்கிறது.

என்ஜினை ஓட விட்டால் ஐட்லிங்கில் 30 முதல் 40 வரை இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் சென்சரை நோவதற்கு முன் காற்றுக் கசிவைத் தேடுங்கள். மேப் சென்சரின் மூன்று வயரில் ஒன்று ஈசியு தரும் 5 வோல்ற், ஒன்று எர்த், ஒன்று சிக்னல். 5 வோல்ற் வயரில் 4.5 முதல் 5.5 வரை வரவேண்டும். அது வரவில்லை என்றால் மற்ற சென்சர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். பல கார்களில் ஒரே 5 வோல்ற்றை இரண்டு மூன்று சென்சர்கள் பங்கிடுகின்றன. ஒன்று உள்ளே ஷோர்ட் ஆனால் எல்லாம் சேர்ந்து படுக்கும்.

எலக்ட்ரோனிக் த்ரொட்டில்

இப்போதைய கார்களில் அக்சிலரேட்டருக்கும் த்ரொட்டிலுக்கும் இடையே கேபிள் இல்லை. பெடலில் இரண்டு சென்சர், த்ரொட்டிலில் இரண்டு சென்சர். ஒவ்வொரு சோடியிலும் இரண்டும் ஒன்றையொன்று ஒத்துப் பேசுகின்றனவா என்று ஈசியு ஓயாமல் சரிபார்க்கும். ஒத்துவராவிட்டால் பி2135 போன்ற கோட் விழும். மோட்டாரின் கரண்ட் நிறுத்தப்படும். கதவு ஸ்பிரிங் இழுத்துவைக்கும் சிறு திறப்பில் நிற்கும். கார் மெதுவாக ஊர்ந்து வீடு வந்துசேரும்.

இந்த இரட்டைக் கண்காணிப்பு ஏன் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த விசாரணை நல்ல சாட்சி. டொயோட்டா கார்கள் தாமாகவே வேகமெடுக்கின்றன என்று முறைப்பாடுகள் குவிந்தபோது, அரசு நாசா பொறியியலாளர்களை அழைத்துச் சோதிக்கச் சொன்னது. அதிவேகப் பாய்ச்சலுக்கு எலக்ட்ரோனிக் கோளாறு காரணம் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்று 2011 பெப்ரவரியில் முடிவு வந்தது. ஆனால் பழுதான ஒரு பெடல் சென்சருக்குள், மயிரிழையிலும் மெல்லிய வெள்ளீய இழை வளர்ந்து இரண்டு சிக்னல்களுக்கும் பாலம் போட்டிருந்ததை அவர்கள் கண்டார்கள்.

பி2135 போன்ற கோட் வந்தால் ஸ்கேனரில் இரண்டு சென்சரின் வோல்ற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெடலை மெதுவாக மிதியுங்கள். இரண்டும் குதிக்காமல் ஏற வேண்டும். த்ரொட்டிலைத் துப்புரவாக்கும்போது சாவி அணைந்திருக்கட்டும். சாவி போட்ட நிலையில் கதவுக்குள் விரலை விட்டால் மோட்டார் நசுக்கிவிடும்.

வந்து வந்து போகும் கோளாறு

கராஜில் நிற்கும்போது நல்லது, பள்ளத்தில் இறங்கும்போது கெட்டது என்றால் ஆட்டிப் பார்ப்பதே வழி. என்ஜினை ஓட விட்டு, ஒருவர் லைவ் டேட்டாவைப் பார்க்க, மற்றவர் சொக்கட்டிலிருந்து தொடங்கி வயர்க் கட்டை ஒரு சாண் ஒரு சாணாக அசைக்க வேண்டும். எந்த இடத்தில் எண் துள்ளுகிறதோ அங்கே பிரித்துப் பாருங்கள். மழையில் மட்டும் வரும் கோளாறு என்றால், தண்ணீரைப் புகைபோல மென்மையாகத் தெளித்து, ஒவ்வொரு சொக்கட்டாகச் சோதியுங்கள்.

மின்சாரம் குற்றமற்றது என்றால்

பி0171 என்ற கோட் 'காற்று அதிகம், பெற்றோல் குறைவு' என்று சொல்கிறது. அது பெரும்பாலும் வயர்ப் பிரச்சினை அல்ல. ஐட்லிங்கில் மோசமாகவும், வேகமெடுத்தால் குறைவாகவும் இருந்தால் காற்றுக் கசிவு. சுமை ஏற ஏற மோசமானால் அழுக்கேறிய எயார் ஃப்ளோ சென்சர் அல்லது பெற்றோல் அழுத்தக் குறைவு.

அழுக்கேறிய சென்சரை அதற்கென்றே விற்கும் ஸ்பிரேயால் மட்டும் கழுவுங்கள். கார்புரேட்டர் கிளீனர் வேண்டாம், துணி வேண்டாம், கொம்பிரசர் காற்றும் வேண்டாம், கம்பி அறுந்துவிடும். நன்றாகக் காய்ந்த பிறகே சொக்கட்டைப் பூட்டுங்கள். கேடிஎச் ஹையேஸ் போன்ற டீசல் வேன்களிலும் இந்த சென்சர் உண்டு. கரண்ட், எர்த், சிக்னல் என்ற அதே சோதனை அங்கும் செல்லும். எரிந்த புகையில் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே விடும் ஈஜிஆர் வழியாக வரும் கரி படிந்திருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பழுது நீக்கலும் பாகம் வாங்கலும்

களிம்பைக் கொன்டெக்ட் கிளீனரால் போக்கி, தளர்ந்த பின்னை இறுக்கி, சீலில் சிறிதளவு டைஎலெக்ட்ரிக் கிரீஸ் பூசுங்கள். அறுந்த வயரை முறுக்கி டேப் சுற்றுவது உப்புக் காற்றில் ஒரு மாரிகூடத் தாங்காது. ஈயம் வைத்து ஒட்டி, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங் குழாய் போட்டு மூடுங்கள்.

சென்சர்தான் பழுது என்று உறுதியானால், பழையதில் உள்ள எண்ணைப் படம் எடுத்துக் கடைக்கு அனுப்புங்கள். டொயோட்டாவின் எயார் ஃப்ளோ சென்சர் எண்கள் 22204 என்று தொடங்கும். அதன் பின்வரும் இலக்கங்களும் பொருந்த வேண்டும். சொக்கட் பொருந்துகிறது என்பதால் அளவு பொருந்தும் என்று கொள்ள முடியாது. கழற்றிய பழைய பாகம் வாங்கினால், பூட்டி ஓட்டிப் பார்த்து லைவ் டேட்டா சரியாக இருந்தால் மட்டுமே காசு என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் கோட்டை அழித்து, கல்முனையிலிருந்து காரைதீவு வழியாக அம்பாறை வரை ஒருமுறை ஓட்டி வாருங்கள். நகர நெரிசல், நீண்ட நேர் வீதி, ஏசி போட்ட நிலை எல்லாம் அதில் வந்துவிடும். திரும்பியதும் மறுபடி ஸ்கேன் செய்து, ஐட்லிங் காற்றளவு, காற்று வெப்பம், சிக்னல் வோல்ற் மூன்றையும் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி காரிலேயே வையுங்கள். வருட லைசென்ஸுக்குப் புகைச் சோதனை செய்யப் போகுமுன் அந்த மூன்றையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். எண் நகரத் தொடங்கியிருந்தால் முதலில் சொக்கட்டைக் கழற்றுங்கள்; புதிய பாகத்துக்கான கோலைப் பிறகு எடுக்கலாம்.